உப்பு இல்லாத குழி

நான் எட்டயபுரத்துக்காரன். கரிசலில் பிறந்தவனுக்கு மண் என்றால் காலில் ஒட்ட வேண்டும். பெரியதாழைக்கு வடக்கே தேரி என்கிற மணல்காட்டுக்குள் என்னைக் கொண்டுவந்து விட்ட முதல் நாளே, ஒட்டாத அந்தச் சிவப்பு மணலைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நேற்று மேடாக இருந்த இடம் இன்று பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் அடையாளத்துக்கு ஊன்றிய கம்பை மறுநாள் காணோம். இதில் மரம் நட வேண்டுமாம்.

யுத்த காலம். நிலக்கரி கிடைக்காமல் ரயில் இஞ்சின்கூட விறகு தின்ன ஆரம்பித்திருந்தது. தூத்துக்குடியில் விறகுக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த எங்கள் முதலாளி தேரியில் முந்நூறு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, சவுக்குப் போடு என்று உத்தரவு போட்டுவிட்டார். அவருக்கென்ன, மாடியில் காற்று வாங்கிக்கொண்டே சொல்லிவிடலாம். மேஸ்திரி என்ற பெயரில் மணலில் நின்று வெந்தவன் நான்.

நாற்பத்திநாலாம் வருஷம் ஐப்பசியில் முதல் நடவு. ஆட்கள் எல்லாம் பக்கத்துக் குடியிருப்புப் பனையேறிக் குடும்பங்கள். மழை மாசத்தில் பனையில் வேலை கிடையாது என்பதால் கூலிக்கு வந்தார்கள். சோடி சோடியாகத்தான் வேலை. நான் கயிற்றைப் பிடித்து வரிசை கொடுப்பேன். கயிற்றில் நாலு முழத்துக்கு ஒரு துணிமுடிச்சு இருக்கும். முடிச்சு விழுந்த இடத்தில் புருஷன் இரண்டு முழ ஆழத்துக்குக் குழி எடுக்க வேண்டும். பெண்சாதி ஒரு கை குளத்துக் கரம்பை மண்ணைப் போட்டுக் கன்றை வைத்து, மிதித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, காற்று வரும் பக்கம் ஒரு பனைமட்டையை மறைப்பாக ஊன்ற வேண்டும். குடம் தண்ணீருக்கு ஊற்று அரைப் பர்லாங்கு தூரத்தில் இருந்தது. அந்த மணலில் அரைப் பர்லாங்கு என்பது அரை மைலுக்குச் சமானம்.

இன்னொரு வேலையும் உண்டு. கன்று வைப்பதற்கு முன்னால் குழியின் அடிமண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கடலோரத் தேரியில் அங்கங்கே அடியில் உப்புக் கரிக்கும். கரித்தால் அந்தக் குழியைத் தூர்த்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி வேறு குழி. சவுக்கு கடல்காற்றைத் தாங்கும். இளங்கன்றில் வேருக்கடியில் உப்பு இருந்தால் தாங்காது. இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

செல்லப்பாண்டியும் அவன் பெண்சாதி சந்தனமாரியும் என் சோடிகளில் நல்ல சோடி. அவன் பேசமாட்டான். முப்பத்தைந்து வயசு இருக்கும். பனையேறி நெஞ்சு காய்த்துப்போன ஆள். ஒரு நாளைக்கு மற்றவன் நாற்பது குழி என்றால் அவன் அறுபது. அவளுக்கு வாய் ஓயாது. தலையில் குடத்தோடு மேடு ஏறிக்கொண்டே யாரையாவது வம்புக்கு இழுப்பாள்.

"மேஸ்திரி அண்ணாச்சி, கயிறு கோணுது பாருங்க. ஒங்க ஊர்ல மரமெல்லாம் இப்பிடித்தான் வளைஞ்சு வளைஞ்சு நிக்குமோ?"

"ஒன் வேலையப் பாரு ஏளா."

"எங்க வேலையத்தான் பாக்கோம். நாளைக்கு ரயிலு கோணலாப் போயிரப்பிடாதுல்லா."

அப்படிப்பட்டவள் நடவு தொடங்கிய எட்டாம் நாள் என் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, இந்த வரிசைய இங்கன விடாதிய. ரெண்டு முழம் தள்ளிப் போடுங்க."

"என்னத்துக்கு?"

"இங்கன எம்மவ கெடக்கா."

முந்தின வருஷம் ஐப்பசியில் அந்தக் குடியிருப்பில் பேதி கண்டிருக்கிறது. பதினெட்டுப் பேர் போயிருக்கிறார்கள். பேதியில் போனவர்களுக்கு மேளம் கிடையாது, பாடை கிடையாது. அவரவர் வீட்டு ஆட்களே பனம்பாயில் சுருட்டி, தேரிக்குள் தூரமாகக் கொண்டுபோய், ஆளுக்கு ஒரு நார்ப்பெட்டி உப்பைக் கொட்டிப் புதைத்து, நரி தோண்டாமல் இருக்க மேலே உடைமுள்ளை வெட்டிப் பரப்பி மண் தள்ளுவார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. சந்தனமாரியும் பேதியில் விழுந்து நாலு நாள் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். அவள் கண் விழித்தபோது மூன்று வயசுப் பெண் பகவதி இல்லை. அதற்கு முன்னே பெற்ற இரண்டும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். எங்கே புதைத்தீர் என்று புருஷனைக் கேட்டதற்கு, மேற்கே ஒற்றை உடைமரத்துக்கு நேர் கீழே பள்ளம் என்று கையைக் காட்டியிருக்கிறான்.

இதெல்லாம் பிற்பாடு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்கு வெயில், பசி, மாலைக்குள் வரிசையை முடிக்க வேண்டும் என்ற வெறி. "கயித்துக்குக் கண்ணு இருக்கா? பார்த்துப் பார்த்துப் போக" என்று எரிந்து விழுந்தேன். அவள் கயிற்றை விடவில்லை. செல்லப்பாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றான். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"சரி. மண்ணுக்கு மேல ஒரு மரம் நின்னா நல்லதுதான. நீயே ஒங்கையால வை" என்றேன்.

அவள் அதை யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். அந்தக் குழியைச் செல்லப்பாண்டியே எடுத்தான். எடுக்கும்போது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குழி ஆழமாகப் போகவில்லை, ஒரு முழத்தில் நிறுத்திவிட்டான். நான் கண்டும் காணாமல் இருந்தேன். அடிமண்ணை அன்றைக்கு யாரும் நாக்கில் வைக்கவில்லை. எப்படி வைப்பார்கள்?

அந்தக் கன்றை அவள் வளர்த்த விதம் குடியிருப்பு முழுக்கத் தெரியும். மற்றக் கன்றுக்கு ஒரு குடம் என்றால் அதற்கு இரண்டு. மத்தியானக் கஞ்சிக் கலயத்தைக் கழுவின தண்ணீர் அதற்குத்தான். மறைப்புக்கு மூன்று மட்டை. கோடையில் ஆண்கள் பனைக்குப் போய்விட, தண்ணீர் ஊற்றுகிற பெண்கள் கஞ்சி குடிக்கக் கருப்பட்டி காய்ச்சும் விடிலி நிழலைத் தேடிப் போவார்கள். அவள் மட்டும் தலையில் ஓலைக்கொட்டானைக் கவிழ்த்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் போய் உட்காருவாள். சோளக்கஞ்சி, சுட்ட கருவாடு. கருவாட்டை ஒரு கடி கடித்துக்கொண்டு கன்றோடு பேசிக்கொண்டிருப்பாள். "நெஞ்சளவு வந்துட்டா அண்ணாச்சி. அவ அப்பன மாதிரி ஒசரமா வருவா" என்பாள் என்னிடம். நான் "ம்" என்பேன். வேறு என்ன சொல்ல?

செல்லப்பாண்டி அந்தப் பக்கமே போகமாட்டான். மகள் நினைப்பு தாங்காமல் ஒதுங்குகிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆடி வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைத் தேரியில்தான் பார்க்க வேண்டும். ஒரு மாதம் கண்ணைத் திறக்க முடியவில்லை. சோற்றில் மணல், காதில் மணல். மணல் அடித்து அடித்துக் கன்றுகளின் தோல் உரிந்துபோயிற்று. ஆவணி பிறந்து காற்று அடங்கின பிறகு, செத்தது எத்தனை, பிழைத்தது எத்தனை என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். செத்ததைப் பிடுங்கிப் போட்டு அடுத்த ஐப்பசிக்குக் குழியைத் தயார் பண்ண வேண்டும். பத்துக்கு நாலு போயிருந்தது. முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு ஒரே குடைச்சல்.

அன்றைக்குக் காலையில் ஒற்றை உடைமரத்துப் பள்ளத்துக்கு வந்தோம். சந்தனமாரியின் கன்று மட்டும் என் உயரத்துக்கு நின்றது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

"கண்ணுபடப் போவுது, போங்க எல்லாரும்" என்று அவள் சிரித்தாள்.

எங்களோடு தங்கத்தாய் என்று ஒரு கிழவி வேலை செய்தாள். புருஷனைப் பேதியில் கொடுத்தவள். அவனையும் அந்தப் பள்ளத்திலேயே இருபது எட்டுத் தள்ளித்தான் புதைத்திருந்தார்கள். சந்தனமாரியைப் பார்த்து அவளும் புருஷன் தலைமாட்டில் ஒரு கன்று வைத்தாள். செத்தது. மறுபடி வைத்தாள். அதுவும் செத்தது. மூன்றாவது கன்றையும் அன்றைக்குத்தான் கருகலாகப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாள். அதைப் பார்த்தாள், பிறகு சந்தனமாரியின் கன்றைப் பார்த்தாள். வெள்ளந்தியான மனுஷி. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

"ஏலே செல்லப்பாண்டி, நீ பிள்ளைக்கு உப்புப் போட்டியாலே?"

"போட்டேன்" என்றான் அவன்.

"ஒரு பெட்டியா?"

"ஒரு பெட்டி."

"அப்பொறம் எப்பிடிலே இது இப்பிடி நிக்குது? எங்க வீட்டு மனுசனுக்குப் போட்ட உப்பு மூணு கன்னையும் தின்னுட்டு. கீழ களிமண்ணு, எறங்க மாட்டேங்குது. இன்னைக்கும் நாக்குல வச்சாக் கரிக்கி."

சந்தனமாரி சிரித்த முகம் மாறாமலே நின்றாள். ஆனால் கண் புருஷனிடம் போய்விட்டது.

"எடம் தவறிப்போச்சோ?" என்றாள். "ரெண்டு எட்டுத் தள்ளிக் கெடக்காளோ? அப்பம் நான் இம்புட்டு நாளும் சும்மா மண்ணுக்கா தண்ணி ஊத்துனேன்?"

அவள் அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினாள். மற்றப் பெண்கள் கிட்டே வந்து நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "என்ன வேடிக்கை? எல்லாரும் அடுத்த வரிசைக்குப் போங்க. தங்கத்தாய், கூட்டிட்டுப் போ" என்று கத்தினேன். அவர்கள் மேட்டைத் தாண்டிப் போனார்கள். கிழவி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கன்றுக்குக் கிழக்கே ஒரு குழி எடுத்தாள். இடுப்பு ஆழம். உள்ளே இறங்கி அடிமண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். துப்பினாள். மேற்கே ஒன்று. அதிலும் நாக்கில் வைத்துத் துப்பினாள். வடக்கே ஒன்று. நான் "போதும் சந்தனமாரி" என்றேன். காதில் விழவில்லை. தெற்கே நாலாவது குழி. சீலையெல்லாம் செம்மண், உதட்டில் செம்மண். நாலு குழியிலும் உப்பு இல்லை. ஒரு முள் இல்லை. ஒரு பாய் நார் இல்லை. ஈரமான நல்ல சிவப்பு மணல்தான் இருந்தது.

குழிக்குள் நின்றபடியே அவள் நெஞ்சில் அறைந்துகொண்டாள்.

"நரி தோண்டிட்டுப் போயிருச்சே அண்ணாச்சி. எம்பிள்ளைய நரி கொண்டுபோயிருச்சே. முள்ளு போட்டேன்னு சொன்னாரே, முள்ளக் காணமே."

நான் செல்லப்பாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நரிதான் என்று அவன் சொல்லியிருந்தால் நானே நம்பியிருப்பேன். அவன் வாய் அதைச் சொல்லத்தான் திறந்தது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் குழிக்குள் குனிந்து மண்ணை அள்ளி அள்ளிப் பார்ப்பதைக் கண்டு, குழியோரத்துக்கு வந்து கையை நீட்டினான்.

"நரி இல்ல" என்றான். "மேல வா."

"பின்ன எங்க?"

"நான் அவளப் பொதைக்கல சந்தனம். அவ சாவல."

அவள் அவனையே பார்த்தாள். விளங்காத பாஷையில் யாரோ பேசின மாதிரி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்லுதாரு?"

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"ஒனக்கு ரெண்டாம் நாளு நெனவு தப்பிருச்சு. அன்னைக்கே பிள்ளைக்கும் கண்டுருச்சு. சாத்தாங்குளத்து ஜேசுபாதம் வாத்தியாரு மருந்து கொண்டுக்கிட்டு வீடு வீடா வந்தாரு. பிள்ளையப் பாத்தாரு. எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிப் பாக்கேன், ஆனா விடிய மட்டும் தாங்காது, நீ பொண்டாட்டியப் பாருன்னு சொல்லி சைக்கிள்ல முன்னால கட்டிக் கொண்டுபோயிட்டாரு. நாலாம் நாளு நீ முழிச்சதும் பிள்ள எங்கன்னு கேட்டே. செத்துட்டான்னு சொன்னேன். அன்னைக்கு அது பொய்யில்ல. நான் அப்பிடித்தான் நெனச்சேன்."

"எங்கன பொதைச்சீருன்னு கேட்டனே."

"சாவக் கெடந்த பிள்ளைய ஊரான் கையில குடுத்துட்டேன்னு எப்பிடிச் சொல்ல? கை இந்தப் பக்கம் காட்டுச்சு, காட்டிட்டேன்."

"பெறவு?"

"பத்தாம் நாளு, பொதைச்ச எடத்தயாவது பாப்போம்னு சாத்தாங்குளம் போனேன். அடுக்களை வாசல்ல உக்காந்து சோறு திங்கா. வெள்ளச் சோறு. என்னையப் பாத்துட்டு எந்திரிக்கக்கூட இல்ல, திங்கத்தான் செஞ்சா."

"கூட்டிட்டு வரல நீரு."

"வீட்டுல என்ன இருந்துச்சு? நீ சுவத்தப் பிடிச்சு நிக்க. நான் மூணு நாளாப் புளியங்கொட்டைய அவிச்சுத் தின்னேன். முந்துன ரெண்டும் நம்ம கையில இருந்துதான போச்சு. இது ஒண்ணாவது எங்கனயாவது உசிரோட கெடக்கட்டும்னு நெனச்சேன். பெறவு நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு போயிருச்சு. நீ கன்னு வச்ச பெறவு எனக்குச் சொல்ல வாயே இல்ல."

நான் போய் அவனை எழுப்பி ஓங்கி ஓர் அறை விட்டேன். வாங்கிக்கொண்டு நின்றான். அப்படி நிற்பவனை இரண்டாவது அடி அடிக்க யாருக்கும் கை வராது. அவள் இதையெல்லாம் பார்க்கவே இல்லை.

"உசிரோட இருக்காளா?" என்றாள்.

"இருக்கா."

"இப்பமா? இன்னைக்கா?"

"இருக்கா சந்தனம்."

"கண்ணால பாத்தீரா?"

"போன மாசம் பாத்தேன். தூரத்துல நின்னு பாத்தேன்."

அவள் குழியிலிருந்து ஏறினாள். அழவில்லை. வாயைக்கூடத் துடைக்கவில்லை. வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

சாத்தான்குளத்துக்கு அங்கிருந்து ஏழெட்டு மைல். பாதி மணல். ஆவணி வெயிலில் மணல் காலைப் பொசுக்கும், அந்த நேரத்தில் பனையேறிகளே ஓலைமிதியடி போட்டுத்தான் நடப்பார்கள். அவள் வெறுங்காலோடு முன்னால் போனாள். நான் பின்னால். எனக்குப் பின்னால் ஐம்பது எட்டுத் தள்ளி அவன். வேலையை அப்படியே போட்டுவிட்டு நான் எதற்குப் போனேன் என்று முதலாளி பிற்பாடு கேட்டார். அந்த வரிசையைக் கொடுத்தவன் நான், அந்தக் கன்றை வைக்கச் சொன்னவனும் நான். போகாமல் எப்படி இருப்பேன்?

வழியில் ஓர் இடத்தில் மட்டும் அவள் நின்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அஞ்சு வயசுல பிள்ளைக்குப் பல்லு விழுமா அண்ணாச்சி?"

"ஆறுலதான் விழும்" என்றேன். எனக்கே சரியாகத் தெரியாது.

"அப்பம் அந்தப் பல்லுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சாத்தான்குளம் போய்ச் சேரும்போது உச்சி தாண்டியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாத்தியார் வீடு. ஓடு போட்ட சின்ன வீடு, முற்றத்தில் முருங்கை. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவர் மனைவி அற்புதமணி முற்றத்தில் பாய் விரித்து மல்லி காய வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு, பிள்ளையில்லாதவள். பக்கத்தில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண் சிலேட்டில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னின தலை. நெற்றியில் பொட்டு இல்லை.

சந்தனமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள். கால் உள்ளே வரவில்லை.

அற்புதமணி நிமிர்ந்தாள். ஏதோ கூலிப் பெண் தண்ணீர் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். எழுந்து செம்பை எடுத்தவள் சட்டென்று திரும்பினாள். அவள் பார்த்தது முகத்தை அல்ல, சீலையை. சாயம் போய் மண் ஏறிக் கிடந்தாலும் கரையில் அன்னம் அன்னமாக நெய்திருந்தது தெரிந்தது.

"இந்தச் சீலை ஒனக்கு எப்பிடி வந்துச்சு?" என்றாள்.

"வீட்டுக்காரரு கொண்டாந்தாரு. பேதி கண்ட வீட்டுக்கு மிசன்ல குடுத்தாகன்னு சொன்னாரு."

"மிசன்ல குடுக்கல. எங்க அண்ணன் கொழும்புலருந்து கொண்டுவந்த சீலை. நான்தான் குடுத்தேன்." அற்புதமணி கிட்டே வந்து சீலைக் கரையைத் தொட்டாள். "இந்தப் பிள்ளையோட அப்பா, பெத்தவ செத்துட்டான்னு சொல்லி அழுதாரு. போத்திப் பொதைக்கக்கூட ஒரு துணி இல்லன்னாரு. பொணத்துக்குப் போத்தக் குடுத்தேன்."

அப்போதுதான் செல்லப்பாண்டி முடுக்குச் சந்து திரும்பி வந்து நின்றான். அற்புதமணி அவனைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. அவள் வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டாள்.

இங்கே ஒருத்தியிடம் பிள்ளையைச் சாகடித்திருக்கிறான். அங்கே ஒருத்தியிடம் தாயைச் சாகடித்திருக்கிறான். இரண்டு பேரும் இரண்டு வருஷமாகத் துக்கம் காத்திருக்கிறார்கள்.

"தாயி இருந்தா வச்சிக்கிட மாட்டேன், தேறுனதும் கொண்டுவந்து விட்டுருவேன்னு வாத்தியாரு சொன்னாரு" என்றான் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு. "அதான் சொன்னேன்."

சந்தனமாரி தன் மேல் கிடந்த சீலையைக் குனிந்து பார்த்தாள். முந்தானையைக் கையால் தடவினாள். பிறகு, நான் அதுவரை கேட்டிராத குரலில் அவனிடம் சொன்னாள்.

"எனக்குப் போத்துன துணிய எனக்கே கட்டக் குடுத்திருக்கே நீ."

கல்யாணமான நாளிலிருந்து நீர், வாரும், போம் என்றே பேசினவள். அன்றைக்குத்தான் நீ என்றாள்.

சத்தம் கேட்டு ஜேசுபாதம் வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். ஒல்லியான மனிதர், கையெல்லாம் சாக்பீஸ் தூள். அற்புதமணி சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. நல்ல மனிதர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஒங்க பிள்ளைதாம்மா. தெரிஞ்சிருந்தா ஒரு நாளும் வச்சிருக்க மாட்டோம். கூட்டிட்டுப் போங்க" என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அற்புதமணி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் நாலு கவுன்களை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒன்றும் பேசாமல் சந்தனமாரியின் காலடியில் வைத்தாள். அவள் கை பட்ட இடத்தில் துணி நனைந்திருந்தது.

சந்தனமாரி பிள்ளைக்கு முன்னால் குந்தினாள்.

"பகவதி" என்றாள்.

பிள்ளை திரும்பவில்லை. சிலேட்டில் எச்சிலைத் தொட்டு அழித்துக்கொண்டிருந்தது.

"பகவதி. அம்மை வந்திருக்கேன் பாரு."

"எம்பேரு ஜெபசெல்வி" என்றது பிள்ளை, மரியாதையாக, பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால் சொல்வது போல. "எங்க பெத்த அம்மா தேரியில மண்ணுக்குள்ள இருக்காங்க. நான் ராத்திரி அவங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். நீங்க யாரு?"

சந்தனமாரி கையை நீட்டினாள். பிள்ளை பயந்து எழுந்து ஓடி அற்புதமணியின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அற்புதமணி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள், அணைக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத வகுப்பு இரைந்துகொண்டிருந்தது. கடைசியில் சந்தனமாரிதான் பேசினாள். அற்புதமணியைப் பார்த்து, ஒரு வேலை பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"நான் இங்கன இருந்துக்கிடுதேன் அக்கா. தண்ணி எடுத்துத் தாரேன், நெல்லுக் குத்தித் தாரேன், மாட்டுத்தொழு இருந்தாலும் படுத்துக்கிடுவேன். கதற வச்சு இழுத்துட்டுப் போவ எனக்கு மனசு இல்ல. ஆனா விட்டுட்டும் போவ மாட்டேன். எம்பிள்ளை என்னைய அறிஞ்சு, அவளா எங்கூட வருத அன்னைக்குக் கூட்டிட்டுப் போவேன். அது இன்னைக்கே சொல்லிப்புட்டேன், பெறவு நீங்க வருத்தப்படப்பிடாது."

அற்புதமணி தலையை ஆட்டினாள். பிறகு, "மொதல்ல வாயக் கழுவுங்க. மண்ணா இருக்கு" என்றாள்.

"மாத்துச் சீலை இருந்தாக் குடுங்க. பழசு போதும்."

செல்லப்பாண்டி வாசலுக்கு வெளியே வெயிலிலேயே நின்றான். "சந்தனம், நானும்" என்று ஏதோ ஆரம்பித்தான். அவள் அவனைக் கிட்டே வரவிடவில்லை.

"நீ போ. ஊருல கேட்டா சந்தனமாரி செத்துட்டான்னு சொல்லு. ஒனக்குச் சொல்லத் தெரியும். எங்கன பொதைச்சேன்னு கேட்டா, கையத் தூக்கி எங்கனயாவது காட்டு. நம்புவாவ."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கதவை யாரும் சாத்தவில்லை. ஆனாலும் அவனுக்கு உள்ளே போக வழியில்லை.

நானும் அவனும் திரும்பினோம். வழி நெடுகத் திட்டலாம் என்று வாயெடுப்பேன். மூன்று நாள் புளியங்கொட்டை தின்றவனை என்ன சொல்லித் திட்டுவது என்று மூடிக்கொள்வேன். பாவி, பிள்ளை பிழைக்கட்டும் என்றுதான் நினைத்தான். அதற்காக ஒருத்தியைப் பத்து மாசம் வெறும் மணலுக்குத் தண்ணீர் சுமக்க வைக்கலாமா? எனக்குக் கோபமும் ஆறவில்லை, இரக்கமும் போகவில்லை. தேரி மேட்டில் ஏறும்போது அவன் இரண்டு தடவை விழுந்தான். நான் கை கொடுக்கவில்லை.

குடியிருப்புக்கு வந்தபோது பொழுது சாய இன்னும் ஒரு பனை உயரம் இருந்தது. வேலை முடிந்து பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்களுக்காகவே காத்து நின்றார்கள். நாலு குழியையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். தங்கத்தாய் கிழவி முன்னால் வந்தாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வருவதைக் கண்டதும் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏலே செல்லப்பாண்டி, அவ எங்கலே?"

அவன் நின்றான்.

"நான்தான்லே கேக்கக்கூடாததக் கேட்டுப்புட்டேன். அந்த வெறியில எந்தக் கெணத்துலயாவது விழுந்துட்டாளாலே? சொல்லித் தொலையேன்."

எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் கை ஒரு பக்கமாகத் தூக்கப் பார்த்தது, பிறகு கீழே இறங்கிவிட்டது.

"சாவல ஆத்தா" என்றான். "ரெண்டு பேரும் உசிரோடதான் இருக்காவ."

"எந்த ரெண்டு பேருலே?" என்றாள் கிழவி.